அறுபத்தைந்தாம் பக்கம்

ஒரே ஒரு வரி அறுபத்தைந்தாம் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. வெள்ளைத் தாளின் தலைமாட்டில் "உலர்ந்த பின் எல்லாம் ஒரே எடை" என்று மட்டும் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. கவிதைப் பிரதி அறுபத்து நான்கு பக்கங்களைத் தாண்டக் கூடாது என்பது போட்டியின் விதி. அந்த வரியை முந்தைய பக்கத்துக்கு ஏற்ற அவளுக்கு வழி தெரியவில்லை.

அவள் பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்துக்குப் பொறுப்பாளர். எழுதுவதும் அந்தக் கூடத்தைப் பற்றித்தான். போட்டியை நடத்தியது ஒரு பதிப்பகம். இதுவரை நூல் வெளியிடாத, நாற்பது வயது நிறையாத கவிஞர்கள் மட்டும் கலந்துகொள்ளலாம். வெல்பவரின் தொகுப்பை அவர்களே அச்சிட்டு வெளியிடுவார்கள். அவளுக்கு அடுத்த மாதம் நாற்பது நிறைகிறது. இந்த முறை விட்டால் அந்தக் கதவு அவளுக்கு இனித் திறக்காது. வேறு கதவு எதுவும் அவளுக்குத் தெரியாது.

சென்ற ஆண்டும் அனுப்பியிருந்தாள். 'பக்க வரம்பு மீறப்பட்டுள்ளது' என்று அச்சடித்த துண்டுச் சீட்டோடு பிரதி திரும்பி வந்தது. பிரதியைச் சுற்றி அவள் கட்டியிருந்த நாடாவில் அவள் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. சலவை மூட்டைக்குப் போடும் முடிச்சு அது. வேறு கை அவிழ்த்துக் கட்டினால் அவளுக்குத் தெரியும். கடைசித் தாளின் கீழ்மூலை மட்டும் மடங்கியிருந்தது. அதாவது, எவரோ மூலையை நிமிண்டிப் பக்க எண்ணைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். இலக்கியத்தைச் சீர்தூக்கிப் பார்க்கும் முறை அந்தப் பதிப்பகத்தில் கட்டைவிரலில் தொடங்கிக் கட்டைவிரலிலேயே முடிந்துவிடுகிறது.

போட்டியின் மற்ற விதிகளையும் சொல்லிவிட வேண்டும். எழுத்து இந்த அளவில் இருக்க வேண்டும், வரிகளுக்கிடையே இவ்வளவு இடம் விட வேண்டும். ஒவ்வொரு கவிதையும் புதிய பக்கத்தில் தொடங்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தலைப்பு வேண்டும். குறைந்தது ஐம்பது கவிதைகள் இருக்க வேண்டும். முட்டைக் கடைக்காரர் யாரோ உட்கார்ந்து எழுதிய விதி போலிருக்கிறது. மேலட்டைத் தாளில் தொகுப்பின் தலைப்பைத் தவிர வேறெதுவும் கூடாது. அந்தத் தாள் பக்கக் கணக்கில் சேராது. எழுதியவர் பெயர் பிரதியில் எங்கும் இருக்கக் கூடாது. நடுவர்கள் பாரபட்சம் பார்த்துவிடக் கூடாதாம். பிரதியைத் திறந்து பார்ப்பவர்களுக்கல்லவா அந்த ஆபத்து.

இவற்றில் அறுபத்து நான்கு என்ற எண்ணுக்கு மட்டும் ஒரு நியாயம் உண்டு. அச்சகத்தில் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக அச்சிடுவதில்லை. ஒரு பெரிய தாளின் முன்புறம் எட்டுப் பக்கங்கள், பின்புறம் எட்டுப் பக்கங்கள் என்று அச்சிடுவார்கள். அந்தத் தாளை மூன்று முறை மடித்து ஓரங்களை வெட்டினால் பதினாறு பக்கங்கள் வரிசையாக வந்து நிற்கும். இதற்கு ஒரு பாரம் என்று பெயர். அச்சிடும்போது பக்கங்கள் தாறுமாறாகவும் தலைகீழாகவும் கிடக்கும். மடித்த பிறகுதான் ஒழுங்கு தெரியும். நான்கு பாரம் சேர்ந்தால் அறுபத்து நான்கு. ஒரு பக்கம் கூடினாலும் இன்னொரு பெரிய தாள் வேண்டும். விரிப்புகளை மடித்தே பழகியவள் என்பதால், இதைக் கேள்விப்பட்டபோது அவளுக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. ஆனால் அவர்கள் வெளியிடும் நூல் ஒவ்வொன்றிலும் ஐந்து பாரம் இருக்கும். ஐந்தாவது யாருக்கு என்றால், நடுவர் குழுத் தலைவரின் முன்னுரைக்கு, பதிப்பாளரின் உரைக்கு, பரிசுக்குப் பணம் கொடுத்தவரின் புகைப்படத்துக்கு. கவிதைக்குத்தான் இடப் பற்றாக்குறை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவின் கணவர் வந்தார். பல ஆண்டுகளுக்கு முன்னால் இதே போட்டியில் வென்றவர். அவருடைய தொகுப்பில் ஒரு பக்கத்தின் நடுவே 'நான்' என்ற ஒரு சொல் மட்டும் இருக்கும். அடுத்த பக்கத்தில் அதுவும் இருக்காது. அதனால் அவள் அவருக்கு வெள்ளைத்தாள் என்று பெயர் வைத்திருந்தாள். அந்தப் பெயர் வீட்டுக்குள் அவளுக்கும் கணவனுக்கும் மட்டுமே தெரியும்.

வெள்ளைத்தாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கணினித் திரையைப் பார்த்தார்.

"ஒரு வரிதானேம்மா. வெட்டிப் போடு. நான் என் தொகுப்புல பாதியை வெட்டினேன்."

"தெரியும் அத்தான். மீதியையும் வெட்டியிருக்கலாம்."

அவளுடைய கணவன் தேநீர்க் கோப்பைக்குள் இருமினான். அவன் பேருந்து ஓட்டுநர். எந்தச் சிக்கலையும் பேருந்துக்குள் ஏற்றிப் பார்ப்பது அவன் வழக்கம்.

"வண்டி நிறைஞ்சிட்டா கடைசியா ஏறினவனைத்தான் இறக்கிவிடுவோம்" என்றான்.

"கடைசியா ஏறுறது யாரு?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "கண்டக்டர்."

"அப்ப அவரை இறக்கிட்டு ஓட்டிப் பாருங்க."

அந்தக் கடைசிக் கவிதை எப்படி அமைந்தது என்று தெரிந்தால்தான் இந்தப் பிடிவாதம் விளங்கும். சலவைக்கூடத்தில் அழுக்குத் துணியை எடை போட்டுத்தான் இயந்திரத்தில் போடுவார்கள். உருளையின் கொள்ளளவை மீறினால் துணி புரளாது, புரளாவிட்டால் அழுக்குப் போகாது. அழுக்கு விரிப்புகள் எதுவும் ஒரே எடையில் வருவதில்லை. பிரசவ அறையின் விரிப்பு நீரும் குருதியும் குடித்து ஈரக் கம்பளிபோலக் கனக்கும். காய்ச்சல் வார்டிலிருந்து வருவது வியர்வையால் கனக்கும். தனி அறையில் ஓய்வெடுக்க வந்த பெரிய மனிதரின் விரிப்பு, எடுத்தது தெரியாத அளவுக்கு லேசாக இருக்கும். துவைத்து, பிழிந்து, உலர்த்தித் தராசில் வைத்தால் முள் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் நிற்கும். கவிதை இதுதான். ஒரு வரிக்கு ஒரு விரிப்பு, ஒரு வார்டு. எல்லா வார்டும் வந்து முடிந்த பிறகு, 'ஒவ்வொன்றாகத் தராசில் வைக்கிறேன்' என்று ஒரு வரி. அதற்கடுத்துத்தான் அறுபத்தைந்தாம் பக்கத்தில் விழுந்த அந்த வரி.

"நடுவுல ஏதாவது ஒரு வார்டை எடுத்துடு" என்றார் வெள்ளைத்தாள். "யாருக்குத் தெரியப் போகுது?"

"ஒண்ணை எடுத்துட்டா அப்புறம் 'எல்லாம்'னு எப்படி எழுதுறது? பொய்யாயிடுமே."

"கவிதைக்குப் பொய் அழகும்மா."

"உங்களுக்கு அது பொருந்தும். எனக்குத் தராசு இருக்கு."

"சரி, ரெண்டு வரியைச் சேர்த்து ஒரே வரியாக்கு. இதோ பாரு, 'தொற்று வார்டில் ஒன்று'. அடுத்தது 'பிரசவ வார்டில் ஒன்று'. சேர்த்தா கச்சிதமா உட்காரும்."

"தொற்று வார்டுத் துணியையும் பிரசவ வார்டுத் துணியையும் ஒரே மூட்டையில கட்டினா என்னை வேலையை விட்டே தூக்கிடுவாங்க அத்தான்."

"இது நிஜ மூட்டை இல்லையேம்மா."

"அதனாலதான் நீங்க கவிஞர், நான் சலவைக்காரி."

வெள்ளைத்தாளுக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் அறிவுரை சொல்ல வந்தவர் அதைச் சொல்லி முடிக்காமல் எழுந்து போக மாட்டார். இரண்டு பக்கக் கவிதை ஒன்றைத் தூக்கிவிட்டு, ஐம்பது கணக்குக்காக ஒரு பக்கத்தில் அடங்கும் பழைய கவிதை ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். வழி சரிதான். கணக்கும் பொருந்தும்.

"பழசு நிறையக் கிடக்கு அத்தான். ஆனா அதெல்லாம் உங்க தொகுப்பைப் படிச்சிட்டு எழுதினது."

அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, "பின்ன என்ன, சேர்த்துடு" என்றார். கணவன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டான்.

கிளம்பும்போது வெள்ளைத்தாள் வாசலில் நின்று திரும்பினார். "தலைப்பு என்ன வச்சிருக்கே?"

"வெண்மை."

"ம். பரவாயில்லை. 'வெண்மையின் நிழல்'னு வை. நடுவர்களுக்கு நிழல் பிடிக்கும்."

அந்தப் பதிப்பகம் பரிசு கொடுத்த நூல்களை அவள் ஒருமுறை வரிசையாகப் பார்த்திருக்கிறாள். மௌனம், நிழல், இறகு என்ற மூன்று சொற்களில் குறைந்தது இரண்டு இல்லாத தலைப்பு ஒன்றுகூட இல்லை. தலைப்பு என்பது புத்தகத்துக்கு வெளியே நிற்கும் ஒரே வரி. கடையில் கையில் எடுப்பவர் முதலில் படிப்பது அதைத்தான், மூடி வைக்கும்போது கடைசியாகப் பார்ப்பதும் அதைத்தான். அப்படிப்பட்ட இடத்தில் இவர்கள் இறகை ஒட்டி வைக்கிறார்கள். 'வெண்மை' ஒன்றும் பெரிய ஒழுங்கில்லை என்பது அவளுக்கும் தெரியும். சலவைத்தூள் பொட்டலத்தின் மேல் இருக்க வேண்டிய சொல் அது. வேறெதுவும் தோன்றாததால் வைத்திருந்தாள்.

மறுநாள் மாலைக்குள் பிரதியை நேரில் கொடுக்க வேண்டும். பையில் பிரதியையும், சேமிப்புக் கருவியில் அதன் கணினிக் கோப்பையும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். அறுபத்தைந்தாம் பக்கமும் உடன் வந்தது. வேறு வழி கிடைக்காவிட்டால் வெள்ளைத்தாள் சொன்னபடி ஒரு கவிதையை மாற்றிவிடுவது என்று பேருந்தில் மனத்தைத் தேற்றிக்கொண்டாள். அப்படித் தேற்றிக்கொண்டதற்காகத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஒரு வெள்ளைத்தாள் போதாதென்று இரண்டாவதும் தயாராகிறது.

மதியத்துக்குமேல் உலர்த்தியிலிருந்து வந்த விரிப்புகளை மடித்து அடுக்கினார்கள். ஒரு மூட்டைக்கு இருபத்தைந்து. மூட்டையைக் கட்டத் தனித் துணி கிடையாது. இன்னொரு விரிப்பையே தரையில் விரித்து, அடுக்கை அதன் நடுவில் வைத்து, நான்கு மூலைகளையும் இழுத்து முடிச்சுப் போடுவார்கள். தனித்துணி வைத்தால் அதைத் திரும்பக் கேட்டு வாங்கவே ஓர் ஆள் வேண்டும். விரிப்பாகவே இருந்தால், வார்டில் பிரித்த கையோடு அதையும் ஒரு கட்டிலில் போட்டுக்கொள்வார்கள். ஒன்றும் வீணாகாது. இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது அவள்தான். அதைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தொலைபேசி அடித்தது. இஸ்திரி எடுத்தாள். பெரிய உருளையில் விரிப்புகளைத் தேய்ப்பவள் என்பதால் கூடத்தில் எல்லோருக்கும் அவள் இஸ்திரிதான்.

"அக்கா, குழந்தைகள் வார்டு. புது நர்ஸ். கணக்கு உதைக்குதாம்."

"கணக்கு உதைக்குதா, அவங்களுக்கு எண்ணத் தெரியலையா?"

"நீங்களே கேளுங்க. நான் கேட்டா அழுதுடும்போல இருக்கு."

அவள் வாங்கிக் காதில் வைத்தாள்.

"மேடம், சீட்டுல இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கு. எனக்கு இருபத்தாறு வருது. கூடுதலா வாங்கினதுக்கு என்னைத் திட்டுவாங்களா?"

"உள்ள எத்தனை இருக்கு?"

"உள்ள இருபத்தஞ்சு. அப்புறம் சுத்தியிருந்தது ஒண்ணு."

"அதை யாரும்மா எண்ணச் சொன்னது?" பொறுமையாகத்தான் சொன்னாள், ஆனால் மூடனுக்குப் பாடம் நடத்தும் பொறுமை அது. "உள்ள இருக்கிறதுக்குத்தான் கணக்கு. வெளியில சுத்தி வர்றது கணக்குல சேராது. ஆனா அதுவும் விரிப்புதான். அதே துணி, அதே அளவு. பிரிச்சு கட்டில்ல போட்டுக்கோங்க. இத்தனை நாளா இப்படித்தானே அனுப்புறோம், இதுகூடவா தெரியாது?"

சொல்லிவிட்டுத் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். மறுமுனையில் நர்ஸ் நன்றி சொன்னதும் வைத்ததும் கேட்டது.

"என்னக்கா, திட்டிட்டாங்களா?" என்றாள் இஸ்திரி.

"இல்ல. நான்தான் ஒருத்தியைத் திட்டிக்கிட்டிருக்கேன்."

"யாரை?"

"சுத்தி வர்ற துணியைக் கணக்குல சேர்த்துக்கிட்டு நாலு நாளா முழிச்சவளை."

இஸ்திரி ஒன்றும் புரியாமல் அடுத்த விரிப்பை உருளையில் கொடுத்தாள்.

வேலை முடிந்ததும் மருத்துவமனைக்கு எதிரே இருந்த நகல் கடைக்குப் போனாள். கடைக்காரர் கோப்பைத் திறந்து, என்ன மாற்ற வேண்டும் என்று கேட்டார். கடைசிப் பக்கத்து வரியை வெட்டச் சொன்னாள்.

"அழிச்சிடட்டுமா?"

"அழிக்காதீங்க. கையில வச்சிருங்க. முதல் தாளுக்குப் போங்க. அங்க 'வெண்மை'ன்னு இருக்கிறதை எடுத்துட்டு, அந்த இடத்துல இதை ஒட்டுங்க."

அவர் ஒட்டிவிட்டு ஒருமுறை வாய்க்குள் படித்தார். "தலைப்பு நீளமா இருக்கே மேடம்?"

"நீளத்துக்கு விதி எதுவும் இல்லை. மறந்துட்டாங்கபோல."

இயந்திரம் ஒரே ஒரு தாளை மட்டும் புதிதாகத் துப்பியது. பழைய மேலட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதியதை வைத்தாள். அறுபத்தைந்தாம் தாளை நான்காக மடித்துக் கடையின் குப்பைக்கூடையில் போட்டாள். பிரதியைச் சுற்றி நாடாவைக் கட்டி, தன் முடிச்சைப் போட்டாள்.

இப்போது கடைசிக் கவிதை, அறுபத்து நான்காம் பக்கத்தின் கடைசி வரியில், 'ஒவ்வொன்றாகத் தராசில் வைக்கிறேன்' என்பதோடு நிற்கிறது. முள் எங்கே நின்றது என்று கேட்பவர் பிரதியை மூடினால் போதும். 'உலர்ந்த பின் எல்லாம் ஒரே எடை' என்பது மேலட்டையில் தலைப்பாக இருக்கிறது. மேலட்டை பக்கக் கணக்கில் சேராது.