காயாத சிவப்பு

குன்றில் பாதி ஏறும்போதே கல்யாணசுந்தரிக்குப் பெயிண்டில் கலக்கும் டர்பன்டைன் வாசம் வந்துவிட்டது. அங்கே ஆட்டுப்புழுக்கையும் வெயில் பட்ட பாறையும்தான் மணக்கும். மீதி தூரத்தைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி ஏறினாள்.

குகைச் சுவரில் ஏழு மான்களும் ரத்தச் சிவப்பாகப் பளபளத்தன. அவற்றின் பின்னால் கைகோத்து நின்ற மனிதர்களில் ஒருவன் கையில் ஈட்டி முளைத்திருந்தது. அங்கே ஈட்டி கிடையாது. அது மழைநீர் வழிந்த கறை. நூல் பிடித்து அளந்து, ‘நீர்க்கறை’ என்று நோட்டில் எழுதியவளே அவள்தான்.

அழகுசுந்தரத்தின் நகக்கண்களில் சிவப்பு இருந்தது.

திருப்பத்தூரில் உரக்கடை வைத்திருக்கும் அவர்தான், ஒருநாள் மழைக்கு ஒதுங்கியபோது இந்த ஆதிகாலப் பாறை ஓவியங்களைக் கண்டுபிடித்தவர். பள்ளத்தூரில் டிராயிங் டீச்சராக இருந்த அவளையும், காரைக்குடியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த மீரான் சாகிபுவையும் தேடிவந்து சேர்த்துக்கொண்டார். 1970-இலிருந்து இரண்டு வருடம், ஞாயிறு தவறாமல் ஏறினார்கள். பாறையில் விரல் படக் கூடாது என்பது அவர்களாக வைத்துக்கொண்ட ஒரே விதி. குன்றைக் கல்குவாரிக்குக் குத்தகை விடப்போவதாகத் தெரிந்ததும் மனு மேல் மனுவாகப் போட்டார்கள். அதற்குப் பலனாக இன்று மெட்ராசிலிருந்து ஒரு தொல்லியல் துறை அதிகாரி வருகிறார்.

“யாரக் கேட்டுண்ணே இதைச் செஞ்சீக?”

“சத்தம் போடாதீக டீச்சர். வர்றவருக்குக் கண்ணுக்குத் தெரியணும்ல? பாய் எடுத்த படத்துல ஒண்ணுமே விழுகல. இங்க ஒண்ணுமில்லன்னு அவரு எழுதிட்டுப் போனா, அடுத்த மாசம் வேட்டு வச்சிருவாக. பழைய கோட்டு மேலதான் பூசினேன். ஒரு நூலு விலகல.”

“ஈட்டி?”

அவர் திரும்பிப் பாறையைப் பார்த்தார். “அது... ஈட்டிதான?”

அவளுக்கு ஓங்கி அறையலாம் போலிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையைக்கூட அடித்தறியாதவள்.

“நேத்தே சொன்னாரும்மா. நான் வேணாம்னுதான் சொன்னேன்” என்றார் மீரான் சாகிபு, கேமராவைப் பார்த்தபடி.

“எனக்கு ஒரு ஆள விட்டுச் சொல்லக்கூடாதா பாய்? பள்ளத்தூரு என்ன சீமையிலயா இருக்கு?”

பத்து மணிக்கு ஜீப் வந்தது. அதிகாரி இளைஞர். குனிந்து முகர்ந்தார், ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

“யார் வரைஞ்சது?”

அழகுசுந்தரம் நகங்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். கல்யாணசுந்தரி கையை நீட்டிக் காட்டினாள்.

“மேல இருக்கிற பெயிண்டு இவரு பூசினது சார். அடியில இருக்கிற காவிக்கோடு ஆயிரக்கணக்கான வருசம் பழசு. எல்லாம் அளவெடுத்து வச்சிருக்கேன்.”

அவள் நீட்டிய நான்கு நோட்டுகளையும் அதிகாரி பொறுமையாகப் புரட்டினார். “அருமையா வரைஞ்சிருக்கீங்கம்மா. ஆனா நோட்டை வச்சு நான் ரிப்போர்ட் எழுத முடியாது. இந்தப் பாறையில எது பழசு, எது புதுசுன்னு இனிமே யார் சொல்றது?”

“நான் சொல்றேன்.”

அவர் நோட்டுகளை அடுக்கி, இரண்டு கைகளாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். தூக்கி எறிந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. எறிந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

ஜீப் சத்தம் அடங்கியதும் அழகுசுந்தரம் பாறையிடுக்கிலிருந்து டர்பன்டைன் பாட்டிலையும் பழந்துணியையும் எடுத்தார். “துடைச்சிடுறேன் டீச்சர். இன்னும் முழுசாக் காயல.”

அவள் குறுக்கே பாய்ந்து நின்றாள். “அடியில இருக்கிறதும் சேர்ந்து வந்துரும். தொட்டீகன்னா கைய ஒடிச்சுருவேன்.”

அவர் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். “இதைக் காப்பாத்தணும்னுதான செஞ்சேன்.”

“தெரியும்ணே. அதுதான் எனக்கு வயிறெரியுது. கெடுக்கணும்னு எவனாச்சும் செஞ்சிருந்தா, காறித் துப்பிட்டுப் போயிருப்பேன்.”

மீரான் சாகிபு கேமராவைப் பெட்டியில் வைக்கப் போனார். அவள் தடுத்தாள். “எடுத்து வைக்காதீக பாய். இப்ப எப்படியிருக்கோ அப்படியே எடுங்க. ஈட்டியையும் சேத்து.”

அவள் நோட்டில் புதிய பக்கத்தைத் திருப்பித் தேதி போட்டாள். ரெட் ஆக்சைடு பெயிண்ட் என்று எழுதினாள். பூசியவர் என்று எழுதினாள்.

“என் பேரை எழுதப் போறீகளா தங்கச்சி?”

அவள் முதல் மானின் கொம்பிலிருந்து நூலைப் பிடித்தாள். நான்காவது மானின் வயிற்றில் ஒரு சித்தெறும்பு ஒட்டிக்கொண்டிருந்தது. பெயிண்டில் புதைந்தவை போக மிச்சமிருந்த இரண்டு கால்களை அது அசைத்துக்கொண்டே இருந்தது.