பதினான்கு வரிகள்

'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துகள் ஏற்கெனவே தயாராக இருந்தன. சுரேஷ்குமாரின் கடைக் கம்ப்யூட்டரில் அந்த டிசைன் ஒரு வருஷமாகக் கிடக்கிறது. ஆள் மாறுவார்; பூமாலையும் குத்துவிளக்கும் மாறாது. போன வாரம் செய்த ரிட்டயர்டு போஸ்ட்மேனின் படத்தை அழித்துவிட்டு, அந்த இடத்தில் அக்காவின் படத்தை இழுத்து வைத்தான். படத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ஆனந்தவள்ளியின் பயோடேட்டா ஃபோல்டரில் பாஸ்போர்ட் அளவுப் படங்களே ஆறு இருந்தன.

பெயரை அடித்தான். முனைவர் சே. ஆனந்தவள்ளி, எம்.எஸ்சி., எம்.ஃபில்., பிஎச்.டி. அதற்குக் கீழே கர்சர் மினுக்கிக்கொண்டு நின்றது.

"கீழ என்னண்ணே போடப்போறீங்க?" என்றான் பக்கத்து ஸ்டூலில் இருந்த பிலோமின்ராஜ். அக்கா வேலை பார்த்த அரசுக் கல்லூரியின் தாவரவியல் துறையிலேயே வேலை பார்ப்பவன். அவளைப் போலவே வருஷா வருஷம் புதிதாக நியமன ஆர்டர் வாங்கும் கௌரவ விரிவுரையாளன்.

"அதான் தெரியல."

"பேராசிரியைன்னு போடுங்க."

"அக்கா பேராசிரியை இல்லையே."

"பசங்களுக்கு அவங்கதாண்ணே பேராசிரியை."

மணி எட்டேகால். பாதி தூக்கிய ஷட்டருக்கு வெளியே அம்மா மண்டபம் சாலையில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. மூலத்தோப்பு வீட்டில் அக்கா கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். மூன்று மணிக்கு ஓயாமரி சுடுகாட்டுக்கு எடுப்பது என்று முடிவாகியிருந்தது. பத்து மணிக்குள் ஃபைல் வந்தால் மதியத்துக்குள் ஃப்ளெக்ஸ் அடித்துத் தருவதாகச் சிங்காரத்தோப்பிலிருந்து அன்வர் இரண்டு முறை போன் பண்ணிவிட்டார்.

நேற்று சாயங்காலம் கல்லூரி விட்டு டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள், ஸ்ரீரங்கம் வந்ததும் எழுந்திருக்கவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்து கண்டக்டர் இரண்டு தடவை குரல் கொடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் பரிசோதித்த டாக்டர், அரைமணி நேரம் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது என்றார். நாற்பத்தெட்டு வயது. வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று கல்யாணத்தைத் தள்ளிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டவள். தம்பி வீட்டின் முன்னறைதான் அவளுக்குப் பத்து வருஷமாக வீடு.

ஊரில் யார் வந்தாலும் பத்து நிமிஷத்தில் பயோடேட்டா அடித்துக்கொடுத்துவிடுவான் சுரேஷ்குமார். அக்காவுடையது மட்டும் முடிந்ததே இல்லை. ஏப்ரல் வந்துவிட்டால் எங்காவது ஒரு விளம்பரத்தைக் கத்தரித்துக்கொண்டு, இப்போது பிலோமின்ராஜ் இருக்கிற இதே ஸ்டூலில் வந்து உட்காருவாள். ஒரு பல்கலைக்கழகம் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லும். இன்னொன்று எல்லாக் கட்டுரைகளுக்கும் வரிசை எண், இதழ் எண், மதிப்பெண் போட்டுக் கேட்கும். ஒருவன் பழைய வேலையை முதலில் எழுதச் சொல்வான், இன்னொருவன் புதியதை. அவள் சலிக்காமல் மாற்றச் சொல்வாள். அவனும் சலித்துக்கொண்டே மாற்றுவான்.

அதில் அவன் ஆத்திரம் எல்லாம் பணி அனுபவம் என்ற பகுதியின் மேல்தான். கல்லூரியில் ஜூன் மாதம் ஆர்டர் கொடுப்பார்கள், ஏப்ரல் கடைசியில் விடுவிப்பார்கள். மே மாதம் அவள் யாருமில்லை. மறுபடி ஜூனில் புது ஆர்டர். ஆக, ஒரே கல்லூரியில், ஒரே லேபில், ஒரே மேஜையில் பார்த்த வேலை பயோடேட்டாவில் பதினான்கு வரிகளாக நின்றது. முன்பின் தெரியாத ஒருவர் படித்தால், எங்கேயும் ஒரு வருஷம்கூட நிலைக்காத ஆள் என்றுதான் நினைப்பார்.

போன திங்கட்கிழமையும் அதற்குத்தான் சண்டை.

"இதை ஒரே வரியா போடுடா. ரெண்டாயிரத்துப் பதினொண்ணு ஜூன்லேர்ந்து இன்று வரை."

"அதுக்கு அனுபவச் சான்றிதழ் வேணும்க்கா. உன் காலேஜ்ல குடுத்தானா?"

"கேட்டிருக்கேன்."

"மூணு வருஷமா கேட்டிருக்க. ஆர்டர்ல என்ன இருக்கோ அதைத்தானே போட முடியும்? ஸ்க்ரூட்டினியில தூக்கிக் கடாசிருவான்."

"அவன் கடாசட்டும். நீ ஏன்டா கடாசுற?"

கடையில் ஆதார் திருத்தத்துக்கு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். "எவ்வளவு மாத்தினாலும் வேலை கிடைக்கப்போறதில்ல, போன வருஷ ஃபைலையே அனுப்பு" என்று சொல்லிவிட்டான். அவள் விளம்பரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனாள். ராத்திரி சாப்பாட்டில் சாதாரணமாகத்தான் பேசினாள். ரசத்துக்கு உப்பு போதுமா என்று அவன் மனைவி சித்ராதேவியிடம் கேட்டாள்.

போன் அடித்தது. அக்காவின் துறைத் தலைவர். ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, என்ன சொல்றதுன்னே தெரியல. நேத்து மூணு மணி வரைக்கும் லேப்ல நின்னுக்கிட்டிருந்தாங்க."

"சரிங்க சார்."

"ஒரு விஷயம். ஃப்ளெக்ஸ் வைக்கிறீங்கன்னு கேள்விப்பட்டேன். அதுல காலேஜ் பேரு போடவேண்டாம்னு பிரின்சிபால் சொல்லச் சொன்னாரு. நிரந்தரம் கேட்டு இவங்கள்லாம் போட்ட கேஸ் கோர்ட்ல இருக்கில்ல, நாளைக்கு அதையே எடுத்துக் காட்டுவாங்கன்னு ஒரு இது."

"செத்துப்போனவங்க போர்டையா சார்?"

"நான் சொல்லலப்பா. சொல்லச் சொன்னாங்க." பிறகு குரல் மாறியது. "அப்புறம், திங்கக்கிழமை இரங்கல் கூட்டம் வெச்சிருக்கோம். மேடத்தோட பயோடேட்டா உங்ககிட்ட இருக்குமில்ல? ரெண்டு பக்கத்துக்குள்ள இருந்தா படிக்க வசதியா இருக்கும்."

சுரேஷ்குமார் போனை வைத்தான்.

"பாத்தீங்களாண்ணே?" பிலோமின்ராஜின் முகம் சிவந்துவிட்டது. "பதினாலு வருஷம். காலேஜுக்குத் தரம் போட நேக் கமிட்டி வந்தப்ப துறையோட மொத்த ஃபைலையும் ரெடி பண்ணது மேடம். அப்ப மட்டும் காலேஜ் ஸ்டாஃபு. நீங்க பேரைப் போடுங்கண்ணே. பெருசா போடுங்க."

"போடுறேன். கீழ இவண்ல உங்க பேரையும் போட்டுடலாமா? துறை கௌரவ விரிவுரையாளர்கள்னு?"

பிலோமின்ராஜ் கீபோர்டைப் பார்த்தான். பிறகு ஷட்டரைப் பார்த்தான்.

"அது வேண்டாம்ணே. ஜூன்ல ஆர்டர் போடணும். பாப்பா இப்பத்தான் ஒண்ணாவது சேருது."

"சரி."

"தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்ல. டீ சொல்லட்டுமா?"

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, வீட்டில் சேர் போடுவதைப் பார்க்கிறேன் என்று எழுந்து குனிந்து வெளியே போனான்.

தனியானதும் சுரேஷ்குமார் போனைத் திரும்ப எடுத்தான். நேற்றிலிருந்து அதில் ஒரு செய்தியைத் திறக்காமல் வைத்திருந்தான். அக்காவிடமிருந்து, மூன்று பத்துக்கு வந்தது. அந்த நேரத்தில் கடையில் கூட்டம். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டது, அதற்குப் பிறகு பார்க்கத் தைரியமில்லாமல் போனது.

திறந்தான். விடைத்தாளின் பின்பக்கத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அக்காவின் குண்டு குண்டான எழுத்து. புதிதாக வந்த ஒரு கட்டுரையின் விவரம். செல்போன் எண்ணில் ஒரு இலக்கம் தவறாக இருப்பதைத் திருத்தச் சொல்லி ஒரு குறிப்பு. அது எத்தனை வருஷமாகத் தவறாக இருக்கிறதோ. கடைசியில், 'அனுபவம்: ஒரே வரி. சான்றிதழ் இல்லாவிட்டால் அவர்கள் கேட்கட்டும், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். திங்கள்தான் கடைசி நாள், மறந்துவிடாதே.'

பயோடேட்டாவைத் திறந்து அந்த எண்ணைத் தேடினான். ஏழு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று. அவன் அடித்ததுதான். அந்தத் தப்பான எண்ணோடு எத்தனை இடங்களுக்கு அனுப்பியிருப்பாள் என்று எண்ணப் பார்த்து, பாதியில் நிறுத்தினான். ஒன்றை அழித்து ஏழைப் போட்டான். சேமிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. சேமித்தான்.

பிறகு ஃப்ளெக்ஸுக்கு வந்தான். கல்லூரியின் பெயரை ஒரு எழுத்து விடாமல் அடித்தான். 'தாவரவியல் துறையில் 2011 ஜூன் முதல்' என்று தொடங்கியவன், கை பழக்கத்தில் 'இன்று வரை' என்று அடித்துவிட்டான். அழித்து, 'நேற்று வரை' என்றான். அதையும் அழித்துவிட்டுத் தேதியைப் போட்டான். 'இடைவிடாது கற்பித்தவர்.' இவண் என்ற இடத்தில் குடும்பத்தார் என்று மட்டும் போட்டு அன்வருக்கு அனுப்பினான்.

பன்னிரண்டு மணிக்குச் சந்து முனையில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். இரண்டு மணிக்குத் துறைத் தலைவர் மாலையோடு வந்தார். ஃப்ளெக்ஸின் முன்னால் நின்று முழுவதும் படித்தார். உள்ளே போய் மாலையைப் போட்டுவிட்டு, பந்தலில் சுரேஷ்குமாரின் பக்கத்துச் சேரில் வந்து உட்கார்ந்தார். வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அடுத்த வருஷம் அவருக்கு ஓய்வு.

"போட்டுட்டீங்க" என்றார்.

"ஆமாங்க சார்."

"பரவால்ல. நான் பேசிக்கிறேன்." பிறகு, "அந்த பயோடேட்டா?" என்றார்.

"அனுபவச் சான்றிதழ் கேட்டிருந்தாங்க சார். மூணு வருஷமா. அதைக் கொண்டாங்க, குடுத்துடறேன்."

"இப்ப அது எதுக்குப்பா?"

"பயோடேட்டா மட்டும் இப்ப எதுக்கு சார்?"

அவர் கோபப்படவில்லை. கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "மூணு தடவை எழுதி ஆபீசுக்கு அனுப்பினேன் தம்பி. மேல போன பேப்பர் கீழ வரல" என்றார். அது பொய்யாக இருக்கும் என்று சுரேஷ்குமாருக்குத் தோன்றவில்லை. பொய்யாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். உள்ளேயிருந்து சித்ராதேவி கூப்பிட்டாள். அக்காவுக்கு எந்தப் புடவை என்று கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை.

மூன்றேகாலுக்கு வேன் கிளம்பியது. காவிரிப் பாலத்தில் நெரிசல். யாரும் வழிவிடவில்லை, ஹாரன் அடித்துத்தான் போக வேண்டியிருந்தது. ஓயாமரியில் பதிவு செய்யும் இடத்தில், "இறந்தவங்க என்ன வேலை பார்த்தாங்க?" என்று கேட்டார்கள். "காலேஜ்ல டீச்சிங்" என்றான். பதிவேட்டில் எழுதியவர் 'தனியார்' என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போனார்.

திரும்பி வந்து குளித்து உட்கார்ந்தபோது மணி ஆறாகவில்லை, வெளிச்சம் இருந்தது. பந்தலில் சேர்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் மூன்று பெண்கள் தயங்கி நின்றார்கள். மதியம் மாணவர்கள் கூட்டத்தில் பார்த்த முகங்கள்.

"அண்ணா, சாரிண்ணா" என்றாள் அதில் உயரமானவள். "திங்கக்கிழமை ப்ராக்டிகல். எங்க ரெக்கார்டு நோட்டெல்லாம் மேம் கையெழுத்துப் போட முந்தாநாளே வீட்டுக்கு எடுத்துட்டு வந்தாங்க."

முன்னறையில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், பழுப்பு அட்டை போட்ட நோட்டுகள் இரண்டு அடுக்காக இருந்தன. சுரேஷ்குமார் இரண்டு நடையாகத் தூக்கிக்கொண்டு வந்து பந்தலில் ஒரு மேஜையில் வைத்தான். அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு அடுக்கில் கையெழுத்து இருந்தது, தேதியோடு. இன்னொன்றில் இல்லை.

உயரமானவளுடையதும் கண்ணாடி போட்டவளுடையதும் முடிந்திருந்தன. மூன்றாவது பெண் மட்டும் தன் நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள். பாதி நோட்டு வரைக்கும்தான் சிவப்பு மை வந்திருந்தது. கடைசியாக வந்த பக்கத்தில், தண்டின் குறுக்குவெட்டுப் படத்துக்கு மேல், 'இது சரியில்லை, மறுபடி வரை' என்று குண்டு குண்டான எழுத்தில் இருந்தது.

"பென்சில் இருக்காண்ணா?" என்றாள்.

"வீட்டுக்குப் போய் வரைஞ்சுக்கலாம்டி" என்றாள் கண்ணாடிக்காரி.

அவள் கேட்கவில்லை. சித்ராதேவி உள்ளேயிருந்து ஒரு பென்சிலும் ரப்பரும் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பெண் அடுக்கின் மேலிருந்து ஒரு சேரை எடுத்துப் போட்டு, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, பழைய வட்டத்தை முழுவதும் அழித்தாள். ரப்பர்த் தூளை ஊதிவிட்டு முதல் கோட்டை இழுத்தாள். சேர் அடுக்க வந்தவர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, அந்த ஒரு சேரை விட்டு மற்றதையெல்லாம் வண்டியில் ஏற்றினார்.