முழங்காலளவு தண்ணீர்

...அது பிப்ரவரியா மார்ச்சா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஒனேகா ஏரி இன்னும் கெட்டியாக உறைந்திருந்தது, அது மட்டும் நிச்சயம், ஏனென்றால் பனி இளகிவிட்டால் என் முன்னாள் கணவன் ஸகார் இந்தத் தூண்டில் கரண்டிகளைத் தொடமாட்டான், அவன் செய்வதெல்லாம் பனியில் துளை போட்டுச் செங்குத்தாக இறக்குகிற குளிர்காலக் கரண்டிகள், விரல் நீளப் பித்தளைத் தகடு, லேசாகக் குழிந்தது, அடியில் கொக்கி, மீன் அதைக் குட்டி மீன் என்று நம்பிக் கவ்வ வேண்டும். நடந்ததை நான் வரிசை மாற்றிச் சொல்லக்கூடும், சிலதைப் பிறகு சேர்த்துக்கொண்டும் இருக்கலாம். ஆனால் ஊறப்போட வேண்டிய படுக்கை விரிப்புகளைச் சுமந்துகொண்டு நான் நடைவழியில் நின்றதும், குளியலறைக்குள்ளிருந்து தண்ணீரில் ஏதோ விழும் சத்தம், பிறகு நீண்ட மௌனம், பிறகு அரம் தேய்க்கிற சத்தம், மறுபடி தண்ணீர், மறுபடி மௌனம் என்று வந்துகொண்டே இருந்ததும்... இவை கற்பனை இல்லை, அந்த எரிச்சல் இன்னும் என் பற்களில் இருக்கிறது.

விவாகரத்தாகி இரண்டாவது குளிர்காலம் அது. எந்த ஊரில், எந்த மனிதன், பிரிந்துவிட்ட மனைவியின் குளியல் தொட்டியைத் தேடிச் சனிக்கிழமைதோறும் வருவான்? "ஆலை விடுதியில தொட்டி கிடையாது ரிம்மா, ஷவர்தான். கரண்டி எப்படி விழுதுன்னு பாக்கணுமே" என்று முதல் தடவை வாசலில் நின்று கேட்டான், நானும் ஒரு நாள்தானே என்று விட்டேன், என் புத்தி அப்படி. பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைப்பான், துண்டு அவனே கொண்டுவருவான், தேநீர் கேட்கமாட்டான், கொடுத்தால் குடிப்பான். பேசவும் மாட்டான். அதைத் தாங்க முடியாமல்தானே பிரிந்தேன், பதினோரு வருடம் ஒரு முதுகோடு குடித்தனம் நடத்தினேன், ஜன்னல் பக்கம் திரும்பிய முதுகு, பட்டறை மேசைக்குக் குனிந்த முதுகு, இப்போது தொட்டிக்குக் குனிந்த அதே முதுகு. இதை என்னவென்று விகேந்தியிடம் விளக்குவது? விகேந்தி அன்று மாலை இரண்டு பெட்டிகளோடும் அக்கார்டியனோடும் குடிவருகிறான், இசைப்பள்ளி ஆசிரியன், காலையில் கண் விழித்ததும் நன்றாகத் தூங்கினாயா என்று கேட்கிற மனிதன். அவன் வந்து மணியடிக்கும்போது என் முன்னாள் கணவன் உள்ளே தண்ணீரில் கரண்டி விட்டுக்கொண்டிருந்தால்... வேண்டாம், இன்று சொல்லிவிட வேண்டும், ஸகார், இனிமேல் வராதே, அவ்வளவுதான், உருளைக்கிழங்கு உரிக்கும்போதே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன், பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பிழையில்லாமல் ஒப்பிக்கும்.

கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். முக்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, நூல் நுனியில் தொங்கிய கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான், விட்டான், அது பம்பரம் மாதிரிச் சுற்றிக்கொண்டு அடியில் போய் விழுந்தது. "சுத்துது" என்றான், என்னிடம் இல்லை, கரண்டியிடம். எனக்குத் தெரியாதா சுற்றக் கூடாது என்று? இரண்டு குளிர்காலமாகப் பார்த்ததில் எனக்கு வேண்டாத படிப்பெல்லாம் ஏறியிருந்தது, ஒரு பக்கம் சாய்ந்து வழுக்கிப் போக வேண்டும், வயிற்றைக் காட்ட வேண்டும், பிறகு நடுவுக்குத் திரும்பி வர வேண்டும்... வாயைத் திறந்தேன், சொல்ல வந்த வாக்கியம் எங்கே போனதோ, "அடிப்பக்கம் கனம் ஜாஸ்தி" என்றேன். நிமிர்ந்து பார்த்தான். "எங்க?" "கொக்கிக்கு மேல. ஈயத்த அங்கயே கொட்டி வச்சிருக்க." "கனம் இல்லாம ஆழத்துக்குப் போகாது." "அதுக்காக உருளைக்கிழங்கு மூட்டையா கட்டித் தொங்கவிடுவ? என் துணி ஊறணும், ஸகார்." "இன்னும் ஒரே தடவ." "ஒரே தடவன்னு நீ சொன்னது போன வருஷம்!" சிரித்தான் என்று நினைக்கிறேன், குனிந்து நான் சொன்ன இடத்தை அரத்தால் தேய்க்க ஆரம்பித்தான், பித்தளைத் துகள் என் வெள்ளைத் தொட்டியில் பொன்னாக உதிர்ந்தது, நான் விரிப்புகளைச் சுமந்தபடி நின்றேன், கை கடுத்தது, கீழே வைக்கவும் தோன்றவில்லை, ஏன் நிற்கிறேன், யார் என்னை யோசனை கேட்டார்கள், மறுபடி விட்டான், கொஞ்சம் சாய்ந்தது, வழுக்கப் பார்த்தது, அதற்குள் தரை தட்டிவிட்டது.

அப்போதுதான் மணி அடித்தது, விகேந்தி சீக்கிரமே வந்துவிட்டானோ என்று விரிப்புகளை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன், திறந்தால் யெகோரிச், ஸகாரோடு ஆலையில் அதே பட்டறையில் வேலை செய்கிறவன், மீசையெல்லாம் பனி. "ரிம்மாம்மா, சௌக்கியமா? ஸகார் சனிக்கிழமைன்னா இங்கதான்னு விடுதியில சொன்னாங்க. நாளைக்கு ஏரிக்குப் போற பஸ் விடிகாலையிலயே கெளம்புது, சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். எங்க அவன், குளிக்கிறானா?" "கரண்டி சோதிக்கிறான்." "எதுல?" "தொட்டியிலதான்." யெகோரிச் சுவரில் கை ஊன்றிக்கொண்டு சிரித்தான். "குளியல் தொட்டியிலயா? முழங்கால் அளவு தண்ணியிலயா? ஐயோ, அது சாஞ்சு திரும்பி வரவே ரெண்டு ஆள் ஆழம் வேணுமேம்மா! இதுல கரண்டிய விட்டா என்ன தெரியும், ஆணிய விட்டா என்ன தெரியும்? எங்க பட்டறைக்குப் பின்னாடி தீயணைப்புத் தொட்டி இருக்கு, நல்ல ஆழம், பனிய ஒடச்சு வச்சிருக்கோம், எல்லாரும் அங்கதான் விட்டுப் பாக்கறோம். அந்த எடத்தக் காட்டிக் குடுத்ததே இவன்தான், மூணு வருஷத்துக்கு முந்தி." பிறகு என் முகத்தைப் பார்த்தான், சிரிப்பை நிறுத்தினான், தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டான். "சரி, நான் வரேன். பஸ்ஸ மட்டும் சொல்லிடு."

கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றேன். மூன்று வருடத்துக்கு முன்பு என்றால் நாங்கள் சேர்ந்திருந்த காலம், அப்போது ஒரு நாளாவது இந்தத் தொட்டியில் கரண்டி விட்டானா, இல்லை, ஒரு நாளும் இல்லை, இது எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று... உள்ளே தண்ணீர்ச் சத்தம், மௌனம், அரம். கோபம் தலைக்கு ஏறியது, அவன்மேலா, என்மேலா? மனிதனுக்கு வாய் என்று ஒன்று எதற்கு இருக்கிறது? பதினோரு வருடத்தில் ஒரு சாயங்காலம் திரும்பி உட்கார்ந்து ஏதாவது சொல்லியிருந்தால், எதை வேண்டுமானாலும், ஈயம் பற்றியாவது... இப்போது போய் நான் என்ன கேட்பது, எதற்காக வருகிறாய் என்றா, கேட்டால் பதில் சொல்லிவிடுவானோ? அதுதான் பயமாக இருந்தது. கதவருகே போய், "நாளைக்கு பஸ் சீக்கிரமாம், யெகோரிச் சொல்லிட்டுப் போனான்" என்றேன். அவன் கை நின்றது. "வேற என்ன சொன்னான்?" "ஒண்ணும் சொல்லல." பிறகு ஒரே மூச்சில், "ஸகார், இனிமே வராத, விகேந்தி இன்னிக்கு இங்க குடிவர்றான்." நூலை விரலில் சுற்றினான், மெதுவாக, கடைசி நுனிவரை. "அவரு தூண்டில் போடுவாரா?" "இல்ல." "அப்ப சரி" என்றான், என்ன சரி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. தொட்டியின் அடைப்பை எடுத்துத் தண்ணீரை வெளியே விட்டு, பித்தளைத் துகள்களைத் தன் துண்டால் ஒன்று விடாமல் துடைத்து எடுத்தான், பூட்ஸ் மாட்டினான், போனான். நான் தண்ணீர் திறந்து விரிப்புகளை ஊறப்போட்டேன், நுரை பொங்கி வழிகிறவரை சோப்புத்தூளைக் கொட்டிக்கொண்டே இருந்தேன்.

விகேந்தி அன்று மாலை வந்தான். ஒன்பது வருடம் என்னோடு இருந்தான், தினமும் நன்றாகத் தூங்கினாயா என்று கேட்டான், பிறகு பிஸ்கோவ் நகரத்தில் தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டான், பண்டிகைக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறான். யெகோரிச் ஓய்வுபெற்ற வருடமே மாரடைப்பில் போனான். ஸகார் கொந்தபோகா ஊரில் ஓர் உணவகத்தில் வேலைபார்க்கும் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டான், அவளோடு நிறையப் பேசுகிறானாம், பார்த்தவர்கள் சொன்னார்கள், நான் நம்பவில்லை. நான் இதே வீட்டில் இருக்கிறேன்.