விரல் நுனியில் தண்ணீர்க் கேன்

கென்யாவில் மார்சபிட் நகருக்கு வடக்கே ஆழ்துளைக் கிணறு போடும் லாரியை நான்தான் ஓட்டினேன். எங்கள் குழுவில் நிலத்தடி நீர் பார்ப்பவள் கனானு, மேரு பக்கத்துப் பெண். அவள் இடம் காட்டுவாள், முத்திசோ துளைப்பார். மாதக்கணக்கில் வறண்ட காட்டிலேயே கிடப்போம். ஊர் திரும்பியதும் மற்றவர்கள் வீட்டுக்கு ஓடினால், கனானு நைரோபிக்கு வெளியே இருக்கும் லுகென்யா பாறைகளுக்கு ஓடுவாள். கயிறு கட்டிக்கொண்டு பாறை ஏறுவதில் அவளுக்கு அப்படி ஒரு பித்து.

அங்கே ஒரு பாறை போன வருடம் அவளை உதறித் தள்ளியிருந்தது. அதன் மேற்பாதி வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். பிடித்துக்கொள்ள விரல் நுனி மட்டும் பதிகிற மெல்லிய விளிம்புதான் உண்டு. அந்த இடத்தில் விரல்கள் தாமாகத் திறந்துகொண்டு விழுந்தாளாம். இனி விரலைப் பழக்கினால்தான் ஆயிற்று. கண்ணுக்கெட்டிய தூரம் மணலும் முட்செடியுமான எங்கள் முகாமில் எதைப் பிடித்துப் பழகுவது?

அதற்காகவே பையில் ஒரு மரக்கட்டை வைத்திருந்தாள். சோப்புக் கட்டியைவிடச் சற்றுப் பெரியது. ஒரு பக்கம் அகலமான விளிம்பு, மறுபக்கம் மெல்லியது. நடுத் துளையில் ஒரு கயிறு. காலையில் தேநீர் கொதிக்கும்போது அந்தக் கயிற்றில் தண்ணீர்க் கேனைக் கட்டுவாள். மெல்லிய விளிம்பில் நான்கு விரல் நுனிகளைப் பதித்து, முதுகு வளையாமல் கேனைத் தரையிலிருந்து தூக்கி நிற்பாள். பிறகு அடுத்த கை.

"ஏம்மா, கேனுக்குக் கைப்பிடின்னு ஒண்ணு இருக்கே, கண்ணு தெரியலையா?" என்று முத்திசோ கேலி செய்வார்.

"பாறைக்குக் கைப்பிடி இல்லையேண்ணே!"

ஒரு நாள் அவருக்கே பொறுக்கவில்லை. கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அகல விளிம்பைப் பிடித்துக் கேனை அலட்சியமாகத் தூக்கினார். "இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?"

"திருப்பிப் பிடிங்க."

திருப்பிப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கேன் லேசாக ஆடியது, எழவில்லை.

"என்னண்ணே, கேன் வேர் விட்டுருச்சா?" என்றேன்.

"நீ போய் டீசல் ஊத்துடா!"

அன்றிலிருந்து அவர் கேலியை விட்டுவிட்டார். கேனோடு சேர்த்துக் கட்ட, தேய்ந்துபோன துளையிடும் முனை ஒன்றையும் தேடிக் கொடுத்தார்.

இடையில் அவளுக்கு மோதிர விரல் வலித்தது. உடனே கேனில் பாதித் தண்ணீரைக் கொட்டி, முகாமருகே மேய்ந்த ஆட்டுக்குட்டிகளுக்கு வைத்துவிட்டாள். "வீம்புக்குத் தூக்கினா நரம்பு அறுந்துடும். விரல் சொல்றதைக் கேக்கணும்" என்றாள். மறுபடி கனம் ஏற்ற அவள் அவசரப்படவே இல்லை. அவளுடைய பலத்தைவிட அந்தப் பொறுமைதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

கிணற்றில் நல்ல தண்ணீர் வந்தது. தெற்கே திரும்பி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் முத்திசோவும் அவளோடு லுகென்யாவுக்குப் போனோம். கீழே நின்று கயிற்றைப் பிடித்தவள் அவளுடைய தோழி வான்சா.

கனானு சரசரவென்று ஏறினாள். சாய்ந்த பகுதிக்கு வந்ததும் வேகம் குறைந்தது. திடீரென்று உடல் காற்றில் ஆடியது. விழுந்துவிட்டாள்.

"ஐயோ, தங்கச்சி!" முத்திசோ துள்ளி எழுந்தார்.

கயிற்றில் தொங்கியபடியே அவள் சிரித்தாள். "கை விடலைண்ணே! கால்தான் வழுக்குச்சு!"

இறங்கி வந்து, நிழலில் வெகுநேரம் படுத்துக் கிடந்தாள். பிறகு வியர்வையில் வழுக்காமலிருக்கக் கையில் வெள்ளைப் பொடி பூசிக்கொண்டு மறுபடி ஏறினாள். இம்முறை காலை நிதானமாக ஊன்றினாள். சாய்ந்த இடத்தில் அவள் உடலின் பாரம் முழுவதும் நான்கு விரல் நுனிகளில் நின்றது. முத்திசோ என் தோளை இறுகப் பிடித்திருந்தார். அவள் மறு கையை மெதுவாக நீட்டினாள், பிடித்தாள், காலை உயர்த்தினாள். அடுத்து எங்களுக்குத் தெரிந்தது உச்சியிலிருந்து எட்டிப் பார்த்த அவள் முகம்தான்.

"ஏறிட்டாடா! பாத்தியா, ஏறிட்டா!" என்று முத்திசோ தானே ஏறியவர்போல் கத்தினார்.

இறங்கி வந்தவளிடம் ஒரு சோடாவைக் கொடுத்தேன். விரல்கள் மடங்க மறுத்தன. பாட்டிலைப் பிடிக்கவே முடியவில்லை. முத்திசோ அதை வாங்கிப் பல்லால் மூடியைக் கடித்துத் திறந்து, அவள் வாயருகே பிடித்துக் குடிக்கவைத்தார்.