காற்றுக் குழாய் பிடித்தவன்

அம்பத்தூர் ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்குள் ஒரு வழக்கம். எண்ணெய் ஆலையில் ரியாக்டர் என்னும் ராட்சத இரும்புக் கலத்துக்குள் இறங்குகிறவன்தான் தன் காற்றுக் குழாயை யார் பிடிப்பது என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு கஜபதி வேனில் ஏறியதுமே மனோகரனைக் கைகாட்டினான்.

முந்தின நாள்தான் இந்த நாய் தன் பெண்டாட்டியை, மனோகரனின் தங்கை வசந்தகுமாரியை, அடித்து உதட்டைக் கிழித்திருந்தது. பாடியில் மனோகரன் வீட்டில் அவள் சுருண்டு கிடந்தாள்.

"வேற ஆளப் பாத்துக்கோ."

"நீதான் மச்சான் புடிக்கணும். உன் தங்கச்சி தாலி உன் கைல கீது. வுட்ருவியா நீ?" கஜபதி இளித்தான்.

அடிக்கிறவனும் அவனே, அந்தத் தாலிக்குப் பின்னால் ஒளிகிறவனும் அவனே. என்ன திமிர்!

டீசலிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் கரிய குருணை, ஆட்கள் பாஷையில் கேட்டலிஸ்ட், சத்து தீர்ந்து ஆலையின் ரியாக்டருக்குள் கிடந்தது. பழைய சரக்கில் காற்றுப் பட்டால் தானே பற்றிக்கொள்ளும். அதனால் உள்ளே முழுக்க நைட்ரஜன். அள்ளப் போகிறவனுக்கு மூச்சு, குழாய் வழியாக மட்டும்தான்.

வழக்கத்தை மீற முடியாமல் மனோகரன் மேலே நின்று குழாயைப் பிடித்தான். கஜபதி இறங்கிய கொஞ்ச நேரத்தில் மைக்கில் அவன் குரல் வந்தது. "இன்னா மச்சான், அழுதுகினு கீறாளா? ஊட்டுக்கு வரச் சொல்லு. இல்லாங்காட்டி இன்னும் வாங்குவா."

அப்போதுதான் மனோகரன் பார்த்தான். ரியாக்டரின் வாய் விளிம்பில் குழாய் மடிந்து நசுங்கியிருந்தது. உள்ளே இருமல்.

"மச்சான்... காத்து..."

சாகட்டும் என்று நினைத்தான். மனதார நினைத்தான். சும்மா நின்றாலே போதும், யாரும் அவனைக் குற்றம் சொல்லப்போவதில்லை. அதற்குள் பாழாய்ப்போன கை குழாயைத் தூக்கி நிமிர்த்திவிட்டது.

திரும்பும்போது வேனில் கஜபதி அவன் தோளைத் தட்டினான். "எனக்குத் தெரியும், நீ வுட மாட்ட."

"பாடி வரட்டும்" என்றான் மனோகரன்.

பாடியில் கஜபதியும் கூடவே இறங்கியதும், மனோகரன் சோற்று டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு அறைந்தான். கஜபதியின் உதடு கிழிந்தது. மறுபடியும் அறைந்தான்.

"உள்ள கீற வரைக்கும் நீ என் பொறுப்பு. வெளிய இல்ல. என் தங்கச்சி இனி வர மாட்டா. நானும் குழாய் புடிக்க மாட்டேன். வேற எவனயாவது கேளு, போ!"

கஜபதி வாயைத் துடைத்துக்கொண்டு வேனைப் பார்த்தான். ஜன்னலோரம் இருந்த ஒவ்வொருவனும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். வேன் கிளம்பிவிட்டது.