மெழுகுவர்த்தியின் நாலாவது சுற்று

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நானாக எழுத நினைக்கவில்லை, எழுதச் சொன்னார்கள். பிப்ரவரியில் எங்கள் சங்கத் தலைமையகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது: 'உறுப்பினர்களுக்குத் தலைமைப் பண்பும் சுய வளர்ச்சியும், ஐந்து பாடங்கள். ஒரே பக்கம். உற்சாகமாக இருக்கட்டும். உங்கள் கிளையின் மாணவத் தலைவி ஆனிகாவை உதாரணமாக வைத்து எழுதுங்கள். இந்த வருஷம் சிறந்த கிளை விருது உங்களுக்குத்தான் போலிருக்கிறது!'

அயோவாவில் ஒரு கல்லூரிப் பெண்கள் சங்கத்து உறுப்பினர்கள் சேர்ந்து தங்கும் வீட்டுக்கு நான் ஹவுஸ் மதர். ஐம்பத்தெட்டுப் பெண்கள். ஹீட்டர் நின்றால் ஆள் கூப்பிடுவதும், காய்ச்சல் என்றால் சூப் வைப்பதும், காதலன் கைவிட்டால் புலம்பலைக் கேட்டுக்கொள்வதும் என் வேலை. பதினோரு வருஷமாக எல்லோருக்கும் 'வெர்னாம்மா'. ஐந்து பாடம் எழுதத்தான் உட்கார்ந்தேன், சத்தியமாக. வந்தது இதுதான்.

2

கிழித்துப்போட்ட தொடக்கங்கள் சில:

'ஆனிகா லுண்ட்கிரென் ஒரு பிறவித் தலைவி.' [சுத்தப் பொய். முதல் வருஷம் பீட்சாக் கடைக்குப் போன் செய்யக்கூட என்னைத்தான் பேசச் சொல்வாள்.]

'நல்ல தலைவிக்குத் தேவை துணிச்சல், பணிவு, மேலும்' [மேலும் என்ன? ஒரு மணி நேரம் யோசித்தேன். காபி ஆறியதுதான் மிச்சம்.]

'ஜனவரியில் ஒரு சனிக்கிழமைக் காலை, கார்க் கதவுகள் உறைந்துபோய்த் திறக்க மறுத்த குளிரில்' [ஆமாம், இங்கேதான் தொடங்க வேண்டும். தலைமையகத்துக்குப் பிடிக்காது. பரவாயில்லை.]

3

எங்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு தீக்குச்சியைப் பற்றவைத்து, அது விரலைச் சுடுவதற்குள் கிரேக்க எழுத்து இருபத்துநான்கையும் ஒப்பிக்க வேண்டும்; எங்கள் சங்கத்தின் பெயரே கிரேக்க எழுத்துகள்தான். வரவேற்பறையில், சிரிப்பும் கும்மாளமுமாக நடக்கும். அந்தச் சனிக்கிழமை, புதுப் பெண்களுக்குப் பொறுப்பாளியான டெலேனி அவர்களைப் பின்பக்க வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள். ஏழு பேர். கோட்டு கிடையாது, கையுறை கிடையாது. காற்றில் குச்சி அணையும். அணைந்தால் முதல் எழுத்தான ஆல்பாவிலிருந்து மறுபடியும்.

ரேலின் போக் என்ற பெண்ணுக்குப் பதற்றம் வந்தால் வாய் திக்கும். நாற்பது நிமிஷம் நின்றாள்.

(அடிக்குறிப்பு: அவளுடைய வலது கையில் இரண்டு விரல் நுனிகளுக்கு இன்னும் உணர்ச்சி திரும்பவில்லை. டாக்டரிடம் 'கார்க் கண்ணாடியில் பனி சுரண்டினேன்' என்று சொல்லியிருக்கிறாள். யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.)

இரண்டு வாரத்தில் பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். 'சொந்தக் காரணங்களால் விலகினார்' என்று பதிவேட்டில் எழுதி, ஆனிகா கையெழுத்துப் போட்டாள். வீடு வாயை மூடிக்கொண்டது. ரேலினின் கை எப்படிப் போனது என்று யாராவது சொல்வார்களா, மாட்டார்களா? இந்தக் கதையில் இருப்பது அந்த ஒரே கேள்விதான்.

4

ஆனிகாவை நான் சந்தேகப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒரு வரைவில் அவளைக் கல்நெஞ்சக்காரி ஆக்கினேன். இன்னொன்றில் அப்பாவி ஆக்கினேன். இரண்டிலும் அவள் பொம்மை மாதிரி நின்றாள். நிஜ ஆனிகாவை மார்ச் மாதம் ஒரு ஞாயிறு மதியம்தான் பார்த்தேன்.

வீட்டில் யாருக்காவது நல்ல சேதி என்றால் அதை வாயால் சொல்ல மாட்டார்கள். திரைகளை இழுத்துவிட்டு வட்டமாக நிற்பார்கள். எரியும் மெழுகுவர்த்தி ஒன்று கைமாறிக்கொண்டே போகும். சேதிக்காரி ஊதி அணைப்பாள். முதல் சுற்றில் அணைத்தால் வேலையோ பரிசோ. இரண்டாவதில் என்றால் பையன் தன் சங்கத்து முத்திரை ஊசியைக் கொடுத்திருக்கிறான், அதாவது காதல் உறுதி. மூன்றாவது என்றால் நிச்சயதார்த்தம். யார் ஏற்பாடு என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

அன்று இரண்டு சுற்று போனது. ஒரே கிசுகிசு.

"பெய்டன்தான்டீ. அவ ஆளு மோதிரம் வாங்கிட்டான்போல."

"நானா? அவனுக்கு என் பேரையே ஒழுங்காச் சொல்ல வராது!"

மூன்றாவது சுற்றும் முடிந்தது. யாரும் அணைக்கவில்லை. சிரிப்பு நின்றது. பதினோரு வருஷத்தில் நான் நாலாவது சுற்றைப் பார்த்ததே இல்லை. அதற்கு விதியும் கிடையாது. மெழுகுவர்த்தி ஆனிகாவின் கைக்கு வந்தது. அவள் ஊதினாள்.

ஐயோ, அந்தக் கூச்சல்! "கள்ளி, மறைச்சிட்டியேடீ! யாருடீ மாப்பிள்ளை?" பழக்க தோஷத்தில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிச்சயதார்த்தப் பாட்டை முழுசாகப் பாடித் தீர்த்தார்கள். அவள் அசையாமல் நின்றாள். பாட்டு முடியும்வரை காத்திருந்தாள்.

"கல்யாணம் இல்ல" என்றாள். "ரேலின் கை பனி சுரண்டிப் போகல. நம்ம வராந்தாவுல போச்சு. நான் சமையலறை ஜன்னல்ல நின்னு பாத்தேன். பாத்துட்டுத் திரைய இழுத்து விட்டுட்டு, விருது விழாவுக்குப் பேச்சு மனப்பாடம் பண்ணப் போயிட்டேன். 'சொந்தக் காரணம்'னு எழுதினதும் நான்தான். நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்குத் தலைமையகத்துக்குப் போன் பண்ணப் போறேன்."

டெலேனி பாய்ந்தாள். "பைத்தியமா உனக்கு? வீட்டையே பூட்டிருவாங்க! இத்தன பேரும் எங்கடீ போறது?"

"தெரியல."

"என்னைய மாட்டிவிடப் பாக்குற. அதானே?"

"உன் பேரை நீ சொல்லிக்க, டெல். நான் என் பேரத்தான் சொல்லப்போறேன்."

அடேயப்பா, இருபத்தொரு வயசுப் பெண்! சேரவிருந்த சட்டக் கல்லூரி, விருது, தோழிகள் எல்லாமே அந்த வட்டத்துக்குள் இருந்தன. அதன் நடுவில் நின்று குரல் உடையாமல் சொன்னாள். பாடம் சொல்லும் யாரும் இப்படி நின்று நான் பார்த்ததில்லை.

மறுநாள் ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வரவேற்பறைக்குப் போனேன். அவளைச் சுற்றிப் பதினான்கு பேர் பைஜாமாவோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியாக டெலேனி வந்தாள், முகம் வீங்கி, யாரையும் பார்க்காமல். ஆனிகா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

5

ஆக, பாடம் ஒன்று: [விடுங்கள். எழுத எனக்கு என்ன யோக்கியதை?]

அன்று வராந்தாவில் நடந்தபோது வீட்டில் பெரியவர்கள் யாரும் [இந்த வாக்கியத்தை நாலு தடவை எழுதி நாலு தடவையும் பாதியில் விட்டேன்.]

என் அறை வராந்தாவுக்கு நேர் மேலே. ஆல்பா, பீட்டா எல்லாம் கேட்டது. அந்தப் பெண் திக்கியது கேட்டது. பிறகு அழுததும் கேட்டது. இது விளையாட்டில்லை என்று தெரிந்தேதான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன். கீழே இறங்கினால் பிள்ளைகளுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விடுமே என்று பயம். ஐம்பத்தொன்பது வயசில் எனக்கு இருந்த புத்தி அவ்வளவுதான். மறுநாள் ஆனிகாவிடம், தங்கை வீட்டுக்குப் போயிருந்ததாகச் சொன்னேன். அவள் நம்பினாள்.

நேற்று என் அறைக்கு வந்தாள். "விசாரணைக்கு ஆள் வர்றாங்க, வெர்னாம்மா. நீங்க கவலப்படாதீங்க. நீங்க ஊர்லயே இல்லன்னு நான் சொல்லிடறேன்."

நான் தலையாட்டினேன். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளை தெரியாமல் பொய் சொல்லப் போகிறது.

6

முடிவுகள்:

அ) வீடு நாலு வருஷத்துக்குப் பூட்டப்படுகிறது. பெண்கள் ஆளுக்கொரு திக்காகப் போகிறார்கள். ஆனிகாவோடு பாதிப் பேர் பேசுவதில்லை.

ஆ) எச்சரிக்கையோடு விடுகிறார்கள். ரேலின் ஒரு கடிதம் எழுதுகிறாள், இடது கையால். [இல்லை. அவள் என்ன செய்வாள் என்று கற்பனை செய்ய எனக்கு உரிமை இல்லை.]

இ)

வாசலில் கார் வந்து நின்றது. நான் படியில் உட்கார்ந்து காகிதத்தை முழங்காலில் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கீழே விசாரணைக்கு வந்த பெண்மணியின் குரல் தெளிவாகக் கேட்கிறது. "அன்னிக்கு வீட்ல பெரியவங்க யாராவது இருந்தாங்களா?"

ஆனிகா சொல்கிறாள்: "இல்லைங்க. எங்க வெர்னாம்மா இருந்திருந்தா இப்படி நடக்கவே விட்டிருக்க மாட்டாங்க."

வீட்டுக்கு என்ன ஆகும் என்பதை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். எனக்கு இனிமேல் எழுத நேரமில்லை, கீழே போய்ப் பேச வேண்டியிருக்கிறது.