முடிவுத் தேதி இல்லாத ஏரி

காலண்டர் என்று ஆபீஸில் பெயர் வாங்கியிருந்த அவள் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது வீட்டுக்குள் பேச்சுச் சத்தம் கேட்டது. டிவியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். பேசிக்கொண்டிருந்தது அவள் கணவர்.

ஏழு மாதமாக அந்த வீட்டில் பேச்சு என்பது "சாப்பிட்டீங்களா", "ம்", "மாத்திரை போட்டீங்களா", "ம்" என்ற அளவில் நின்றிருந்தது. அவர் கட்டட வேலையில் டவர் கிரேன் ஓட்டியவர். கம்பிக்கயிறு சுற்றும் உருளைக்குக் கிரீஸ் தடவும்போது வலது கை உள்ளே போய்விட்டது. கையை மீட்டுவிட்டார்கள், ஆனால் ஆள்காட்டி விரலிலிருந்து மூன்று விரல்கள் மடங்காமல் போயின. கிரேன் மேல் இனி ஏற முடியாது என்று டாக்டர் சொன்ன நாளில் அவர் கோபப்படவும் இல்லை, அழவும் இல்லை. சுவிட்சை அணைத்தது போல ஆனார். கொஞ்ச நாளில் அவளும் அப்படியே ஆகிவிட்டாள். எழுந்தாள், போனாள், வந்தாள், படுத்தாள். யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், பதிலுக்கு உள்ளே தேடிப் பார்ப்பாள், ஒன்றும் கையில் தட்டுப்படாது.

அந்த மனிதர்தான் இப்போது மடியில் வீடியோ கேம் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு டிவியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"டேய் கொக்கி, அது மீனா, இல்ல உன் பழைய செருப்பா? சரியா பாருடா!"

"போங்கண்ணே, பொறாமை. உங்களுக்கு வந்ததெல்லாம் விரல் நீளம்," என்றது டிவி.

"அந்த விரல் நீளத்தையாவது பிடிச்சாரு. நீ ஒரு மணி நேரமா தண்ணிய கலக்கிக்கிட்டு இருக்க," என்றது இன்னொரு குரல். அது சிக்னல்.

கொக்கியும் சிக்னலும் கிரேன்காரரின் பழைய கூட்டாளிகள்; அவரவர் வீட்டிலிருந்து அதே ஆட்டத்தை ஆடியபடி பேசிக்கொண்டிருந்தார்கள். கீழே நின்று சுமையைக் கொக்கியில் மாட்டுகிறவர் ஒருவர், மேலே இருக்கிறவருக்குக் கையை ஆட்டித் திசை காட்டுகிறவர் மற்றவர். ஓட்டுகிறவருக்குச் சுமை கண்ணில் படாது. சிக்னலின் கையை நம்பித்தான் அதை இறக்க வேண்டும். அப்படிப் பதினோரு வருடம் ஒருவரை ஒருவர் நம்பிய மூன்று பேர்.

டிவி திரையைக் காலண்டர் பார்த்தாள். சன்னமான மழை, நாணல், ஒரு மரப்பாலம், ஏரி. அவளுக்கு அந்த ஏரி தெரியும். நாலு வருடத்துக்கு முன்னால் அதை மூடியதே அவள்தான். அது திறந்திருக்கக் கூடாது. அவளுக்கு வியர்க்கவில்லை, படபடக்கவும் இல்லை. 'ஓ, திறந்துவிட்டது நான்தான்' என்று மட்டும் தோன்றியது. பையைக் கீழே வைத்தாள்.

என்ன நடந்தது என்று புரிய, அவள் வேலை செய்யும் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதன் பெயர் வடமுனை. முதல் நாலு பாகங்களும் டிஸ்க்கில் வந்தன. வாங்குவார்கள், ஆடுவார்கள், முடிப்பார்கள், அலமாரியில் வைப்பார்கள். ஐந்தாவது பாகம் அலமாரிக்கே போகவில்லை. அது லைவ் சர்வீஸ், இணையத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், முடிவே கிடையாது. பத்து வாரத்துக்கு ஒரு சீசன் வரும். புதுச் சண்டை, புது ஆயுதம், ஆட்டக்காரரின் தகுதி ஏறப் புதுப் படிக்கட்டு. ஒவ்வொரு சீசனிலும் படிக்கட்டின் உச்சி உயரும். ஆடிக்கொண்டே இருக்கிறவர் உயர்ந்துகொண்டே இருப்பார். நாலு மாதம் கை கட்டுப்போட்டுப் படுத்திருந்தவர் திரும்பி வந்தால், கூட்டாளிகள் இரண்டு சீசன் உயரத்தில் இருப்பார்கள். அவர்கள் போகும் சண்டைக்கு ஆட்டம் இவரை வாசலிலேயே நிறுத்திவிடும். கிரேன்காரருக்கு அதுதான் நடந்தது. விடாமல் ஏறிப் பார்க்கலாம் என்றாலும், அந்தச் சண்டைகளுக்கு வலது கையில் நாலு விரல் வேண்டும்.

சீசன்களைத் திறந்து மூடுவது மந்திரம் ஒன்றுமில்லை. ஒரு நீளமான அட்டவணை. ஒவ்வொரு வரியிலும் ஒரு நிகழ்ச்சியின் பெயர், தொடக்கத் தேதி, முடிவுத் தேதி. சர்வர் நிமிடத்துக்கு ஒருமுறை அந்த அட்டவணையைப் படிக்கும். தொடக்கம் வந்துவிட்டதா, திற. முடிவு வந்துவிட்டதா, மூடு. பல லட்சம் பேரின் மாலை நேரம் அந்த இரண்டு கட்டங்களில் இருக்கிறது. அவற்றை நிரப்புகிறவள் என்பதால்தான் ஆபீஸில் அவளுக்குக் காலண்டர் என்று பெயர்.

முடிவுத் தேதியைக் காலியாக விட்டால்? அதற்கும் ஓர் அர்த்தம் உண்டு: எப்போதும் மூடாதே. மலை, வானம், ஆட்டம் தொடங்கும் ஊர் இவற்றின் வரிகளில் மட்டும் அந்தக் கட்டம் காலியாக இருக்கும்.

ஒன்பது நாள் முன்னால் ஆட்டத்தைப் புதிய சர்வர்களுக்கு மாற்றினார்கள். திறப்பதும் மூடுவதும் சரியாக நடக்கிறதா என்று சோதிக்கச் சின்னதாக ஏதாவது வேண்டியிருந்தது. மூன்றாவது சீசனின் பழைய ஏரியை எடுத்தாள். புது வரி எழுதச் சோம்பல்பட்டு, மலையின் வரியை நகல் எடுத்து, பெயரை மட்டும் ஏரி என்று மாற்றினாள். முடிவுத் தேதியைப் போடப் போகும் நேரத்தில் பிசியோதெரபிஸ்ட்டிடமிருந்து போன். உங்கள் வீட்டுக்காரர் இன்றைக்கும் வரவில்லை, மூன்றாவது முறை. பேசி முடித்துவிட்டு வந்து, தேதியை மறந்து, சேமி என்ற பொத்தானை அழுத்தினாள். ஏரி திறந்தது. சோதனை வெற்றி. மூடும் சோதனைக்கு வேறொரு வரியை எடுத்துக்கொண்டார்கள். ஏரி மலையைப் போல நிரந்தரமாகி நின்றது.

அந்த ஏரியில் மீன் பிடிக்கலாம், அவ்வளவுதான். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், தூண்டில் ஆடினால் விட வேண்டும். ஒரு கட்டைவிரல் போதும். அன்றைக்கு இருந்த பரிசுப் பட்டியலை எப்போதோ அழித்துவிட்டதால், பிடித்த மீனுக்குப் புள்ளி கிடையாது. ஒரு நொடி காட்டிவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடும்.

"யாரோ ஒரு புண்ணியவான் தெரியாம தொறந்து விட்டிருக்கான்," என்று கொக்கி சொல்லிக்கொண்டிருந்தான். "பாவம், வேலைய விட்டுத் தூக்கியிருப்பாங்க."

"இவ ஆபீஸ்தானடா. கேட்டுச் சொல்றேன்," என்ற கிரேன்காரர் திரும்பிப் பார்த்தார். "வந்துட்டியா? ஏம்மா, இந்த ஏரிய யாரு தொறந்தது?"

அவர் அவளிடம் கேள்வி கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

"விசாரிக்கிறேங்க," என்றாள்.

மறுநாள் காலை ஜோசியர் அவள் மேசைக்கு வந்தார். ஆட்டத்தை யார் எப்போது விட்டுவிட்டுப் போவார்கள் என்று கணித்துச் சொல்கிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

"காலண்டர், உன் அட்டவணையில ஒரு குளம் தேங்கி நிக்குது, தெரியுமா?"

"ஏரி. தெரியும் சார். என் தப்புதான்."

"நாப்பத்தோராயிரம் பேர் உள்ள இருக்காங்க. அதுல ஒன்பதாயிரம் பேர் நம்மள விட்டுட்டுப் போனவங்க. இனிமே வரமாட்டாங்கன்னு நானே எழுதிக் கொடுத்த ஆளுங்க. என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே."

"அங்க என்ன பண்றாங்க?"

"அதான் புரியல. ஒண்ணும் பண்ணல. பேசுறாங்க. மீனப் பிடிக்கிறாங்க, விடுறாங்க. ஒன்றரை மணி நேரம் இருந்துட்டுப் போயிடுறாங்க. மறுநாள் வர்றாங்க."

மதியம் மேடம் கூப்பிட்டார். வடமுனையின் சீசன்களையெல்லாம் முடிவு செய்கிறவர் அவர். கண்ணாடி அறை. மேடம் திட்டவில்லை.

"தப்பு யாருக்கும் வரும். இன்னைக்கே ஒரு தேதியப் போட்டு மூடிடு, என்ன?"

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வேறு வந்தது.

"மூட வேணாம் மேடம்."

"ஏன்?"

என் வீட்டுக்காரர் அங்கே பேசுகிறார் என்று சொல்லியிருக்கலாம். அந்த அறையில் அப்படி யாரும் பேசுவதில்லை. அதனால் அந்த அறைக்குப் புரிகிற மொழியில் சொன்னாள். ஒன்பதாயிரம் பேர் திரும்பி வந்ததைச் சொன்னாள். அவர்கள் தினமும் வருவதைச் சொன்னாள். மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். இரண்டு நாளில் அறிக்கையாகக் கொடு என்றார். அவள் கொடுத்தாள். ஏழு மாதத்தில் அவள் மனசு வைத்துச் செய்த ஒரே வேலை அதுதான். ஜோசியரிடம் வரைபடங்களை வாங்கி ஒட்டி, ஆட்டக்காரர்கள் எழுதியதை எடுத்துப் போட்டு, ஏரி இருக்க வேண்டும் என்று பதினாறு பக்கம் எழுதினாள். சாப்பிட மறந்து எழுதினாள்.

மேடம் அதை ஒரே மூச்சில் படித்ததாகச் சொன்னார். "பிரமாதம். நீ சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஜனங்களுக்கு ஏரி வேணும். குடுத்துடுவோம். அடுத்த சீசனே ஏரி சீசன்."

"சீசனா?"

"மீன்வேட்டை சீசன். புதுசா நாலு ஏரி, அறுபது வகை மீன். தினம் ஒரு இலக்கு, அணிக்கு அணி போட்டி."

"மேடம், ஒண்ணும் சேர்க்காம அப்படியே விட்டுடலாமே. அதுதானே அவங்களுக்குப் பிடிச்சிருக்கு."

மேடம் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை அது. "அப்படியே விட்டா எத்தனை நாளைக்கு அதைப் பாத்துக்க ஆள் இருக்கும்? சர்வர் மாத்தும்போது எவனோ ஒருத்தன் உடைப்பான், சரி பண்ண ஆள் கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க. சீசன்னு பேர் வெச்சா பதினஞ்சு பேர் அதுல வேலை செய்வாங்க. இன்னொரு பக்கமும் பாரு. இருக்கிற சண்டையெல்லாம் முடிச்சிட்டு, புதுசா என்ன, புதுசா என்னன்னு பசியோட நிக்கிறவங்க எத்தனை லட்சம் பேர். அவங்களும் நம்ம ஆளுங்கதான?"

அதில் பொய் எதுவும் இல்லை.  காலண்டர் தன் மேசைக்குப் போய், அட்டவணையில் ஏரியின் வரியைத் திறந்து முடிவுத் தேதியைப் போட்டாள். கீழே புது வரி எழுதினாள்: மீன்வேட்டை. அதற்கும் தொடக்கம் போட்டாள், முடிவு போட்டாள். இந்த முறை இரண்டு தடவை சரிபார்த்தாள்.

வீட்டில் சொன்னபோது கிரேன்காரர் தலையை ஆட்டினார்.

"நல்லதுதானே. புது மீனெல்லாம் வரும்."

"இலக்கெல்லாம் வெப்பாங்கங்க."

"வெக்கட்டும். மீன் பிடிக்கிறதுதானே, நமக்கா தெரியாது?" அன்றைக்கு அவரே கிளம்பி பிசியோதெரபிக்குப் போய்விட்டு வந்திருந்தார். விரல் மடங்கவில்லை, ஆனால் போயிருந்தார்.

சீசன் தொடங்கியது. ஆட்டக்காரர்கள் குவிந்தார்கள். ஜோசியரின் வரைபடத்தில் கோடு செங்குத்தாக ஏறியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மீன்களின் பெயரை மனப்பாடமாகச் சொன்னார்கள். எங்களைக் கேட்டு ஆட்டம் நடத்துகிறார்கள் என்று ஆட்டக்காரர்கள் நெகிழ்ந்து எழுதினார்கள். மேடம் அவளை முன்னால் நிற்க வைத்து எல்லாரையும் கைதட்டச் சொன்னார். காலண்டர் நின்றாள், கைதட்டல் முடிந்ததும் உட்கார்ந்தாள்.

புது ஏரியில் தூண்டில் ஆடியவுடன் திரையில் ஒரு சின்னப் பட்டை ஓடும். அது பச்சையைத் தொடும் நொடியில், கட்டைவிரலால் ஒரு பொத்தானைப் பிடித்தபடி ஆள்காட்டி விரலால் இன்னொன்றைத் தட்ட வேண்டும். சும்மா அழுத்திவிட்டு விட்டால் மீன் வராது என்பதால் ஆட்டம் சுவாரசியமாகிறது. அதைச் செய்த பையன் நல்ல வேலைக்காரன்; பட்டையின் வேகத்தை மூன்று வாரம் திருத்தியிருந்தான். அணிக்கு ஒரு நாளைக்கு இலக்கு நூற்றிருபது மீன், ஆளுக்கு நாற்பது. கிரேன்காரர் முதல் நாள் ஆறு பிடித்தார். இரண்டாவது நாள் இடது கையால் முயன்று பதினொன்று.

மூன்றாவது நாள் மாலை, காலண்டர் சோபாவின் மறு ஓரத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, கஷ்டப்படாதீங்க," என்றான் கொக்கி. "உங்க பங்கையும் நாங்க புடிச்சிடுறோம். நீங்க சும்மா லைன்ல இருங்க."

"ஆமாண்ணே," என்றான் சிக்னல். "நீங்க இருந்தாதான் மூணு பேர்னு கணக்கு. இல்லாட்டி அணியையே கலைச்சிடும்."

"அதுக்கென்னடா, இருக்கேன்." அவர் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டார். "டேய், அந்த அஞ்சாவது மாடி சிமெண்ட் மூட்டைக் கதை சொல்லியிருக்கேனா?"

"ஒரு நிமிஷம்ணே, பட்டை ஓடுது."

அவர் காத்திருந்தார். திரையில் ஒரு கட்டம் எழும்பி வந்தது. இந்த சீசன் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டு, கீழே ஐந்து நட்சத்திரங்களைக் காட்டியது. அந்தக் கேள்வியை எழுதியதும் அவள் ஆபீஸ்தான். எல்லா சீசனிலும் மூன்றாவது நாள் கேட்பார்கள். கிரேன்காரர் ஐந்தாவது நட்சத்திரத்தை அழுத்தினார்.

"ஏங்க?" என்றாள்.

"உன் வேலைக்கு நல்லதுதானே?"

அவள் ஒரு சட்டையை எடுத்து மடித்தாள்.

கதை சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. டிவியிலிருந்து வந்தது பொத்தான்களின் சத்தம் மட்டும்தான். இரண்டு வீடுகளில் இரண்டு பேர் வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள், தகரத்தில் தூறல் விழுவது போல. இடையில் ஒருமுறை யாரோ இருமினார்கள். கிரேன்காரர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

"டேய், இருக்கீங்களா?"

"இருக்கோம்ணே," என்றான் சிக்னல்.

தட்டும் சத்தம் நிற்கவில்லை. அவர் மறுபடி சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.